சல்லடைக்குக் கீழே

கஞ்சாச் செடி தன் சாரத்தை உடம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. பெண் பூங்கொத்தின் மேலும் அதை ஒட்டிய சிற்றிலைகளின் மேலும் பனி படிந்தாற்போலத் தெரியும் நுண்ணிய சுரப்பிகளில்தான் எல்லாம் இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு சுரப்பியும் மெல்லிய காம்பொன்றின் மேல் நிற்கும் குமிழாகத் தெரியும். அந்தக் குமிழ் தலைமயிரின் தடிப்பைவிடச் சற்றே பெரிது. பூச்சியிடமிருந்தும் வெயிலிடமிருந்தும் விதையைக் காக்கச் செடி இந்தப் பிசினைச் சுரக்கிறது என்பது தாவரவியலாளர்களின் பொதுவான எண்ணம். குமிழ்களைச் செடியிலிருந்து பிரித்துச் சேர்த்தால் கீஃப். அந்தத் தூளை வெதுவெதுப்பாக்கி அழுத்திக் கட்டியாக்கினால் ஹஷீஷ். புதிதாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. செய்ய வேண்டியதைச் செடி செய்து முடித்துவிட்டது. மனிதருக்கு மிச்சம் இருப்பது விலக்கி எடுக்கும் வேலை மட்டுந்தான்.

விலக்கி எடுப்பது என்று எழுதும்போது எளிதாகத் தெரிகிறது. அதற்காக மனிதர் தங்கள் உள்ளங்கையை, உடுப்பை, பட்டுத்துணியை, குளிர்காலத்தை, கடைசியில் உடுப்பு உலர்த்தும் இயந்திரத்தைக்கூடக் கருவியாக்கியிருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்பவரை ஒரு நாட்டுச் சட்டம் பொழுதுபோக்குக்காரர் என்கிறது. இன்னொரு நாட்டுச் சட்டம் அதே ஆளைப் பத்து ஆண்டுகள் சிறையில் வைக்கிறது. தமிழில் கஞ்சா பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி பொலிஸ் செய்தியாக இருக்கிறது. மிச்சம் சித்தர் பெருமையாக இருக்கிறது. கைவேலை என்ற கோணத்தில் அதைப் பார்த்தவர்கள் அரிது. அடுத்தவர் கைவேலையைக் கவனித்து நிற்பதில் எனக்கு எப்போதும் ஈடுபாடு உண்டு. அந்த ஈடுபாடுதான் இந்தக் கட்டுரை.

கனடாவில் 2018 ஒக்டோபர் 17 அன்று கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒன்ராறியோவில் வீடொன்றுக்கு நான்கு செடிகள் வளர்க்கலாம். நான்கு என்பது கேட்கச் சிறிய எண். ஆனால் நல்ல வெயில் படும் கொல்லையில், கோடை முழுவதும் நிலத்தில் நின்ற செடி ஆளுயரத்தைத் தாண்டிவிடும். ஒக்டோபரில், கடும் உறைபனி விழுவதற்குள் அறுத்து, கிளைகளைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். உலர்ந்ததும் பூவைச் சுற்றிய இலைகளைக் கத்தரித்து விடுகிறார்கள். பூ கண்ணாடிப் போத்தலுக்குள் போகிறது. கத்தரித்த சிற்றிலைகள் ஒரு பக்கம் குவிந்து கிடக்கின்றன. புகைத்தால் தொண்டையைக் கீறும். எறிந்தால் அதன்மேல் இருக்கும் பிசினும் சேர்ந்து போகும். வீட்டில் வளர்ப்பவர் ஹஷீஷைப் பற்றி நினைக்கத் தொடங்குவது அநேகமாக இந்தக் குவியலுக்கு முன்னால்தான். இந்தியிலும் அரபியிலும் பாரசீகத்திலும் பல தலைமுறைகள் யோசித்துத் தீர்த்துவைத்த ஒரு கேள்வி, இன்று ஸ்காபரோவின் வாகனக் கொட்டகை ஒன்றில் புதிதாக எழுகிறது.

பழைய விடைகளில் மிகப் பழையது கை.

இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில், பார்வதி ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து பிரியும் கிளைப் பள்ளத்தாக்கில் மலானா என்ற ஊர் இருக்கிறது. ஊரார் கனாஷி என்ற தங்கள் சொந்த மொழியைப் பேசுகிறார்கள். ஜம்லு என்ற தெய்வத்தின் பெயரால் ஊர்ச்சபை நடத்துகிறார்கள். வெளியார் தொட்டால் தீட்டு என்ற வழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. கஞ்சாச் செடி அங்கே போதைக்கு மட்டுமான பயிராக இருந்ததில்லை. அதன் நாரில் கயிறு திரித்தார்கள். குல்லுப் பகுதியில் வீட்டுக்குள்ளும் கோயிலிலும் போடும் பூலா என்ற செருப்பை அந்த நாரில்தான் பின்னினார்கள். தோலைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய இடத்தில், செடியின் நார் பாதத்துக்கு அனுமதி வாங்கித் தந்தது.

இந்தியாவில் சரஸ் என்று சொல்லப்படும் பிசினை அங்கே எடுப்பது உயிருள்ள செடியிலிருந்து. செப்டெம்பர், ஒக்டோபரில், செடி நிற்கும் நிலையிலேயே பூக்கிளையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்து மெல்ல உருட்டித் தேய்க்கிறார்கள். அழுத்தினால் பச்சைச் சாறு வந்துவிடும். அழுத்தாவிட்டால் பிசின் ஒட்டாது. கிளை கிளையாக இப்படி நகர நகர, உள்ளங்கை ரேகைகளை மூடிக்கொண்டு கறுப்பு நிறத்தில் ஒரு படலம் ஏறுகிறது. பிறகு பெருவிரலால் அதைத் திரட்டி எடுத்து உருண்டையாக்குகிறார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தேய்த்தால் கிடைப்பது தோலாக் கணக்குத்தான், அதாவது ஒரு கைக்குள் அடங்கும் சில கிராம்கள். வேகமாகத் தேய்க்கிறவருக்கு அளவு கூடும், தரம் குறையும். நிதானமாகத் தேய்க்கிற கைக்கு நேர்மாறு. வாங்குகிறவர் உருண்டையைப் பிய்த்துப் பார்த்து அந்தக் கையின் பொறுமையைக் கண்டுபிடித்துவிடுவார். எடைக்கு விற்கும் பொருளொன்றில் செய்தவரின் மனநிலை இவ்வளவு துல்லியமாகப் பதிவது எனக்கு வியப்பாக இருக்கிறது.

கைக்கு முன்போ கூடவோ உடம்பு முழுவதும் கருவியாக இருந்த காலமும் உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் வில்லியம் ஓஷாக்னெசி 1839இல் கஞ்சா பற்றி எழுதிய ஆய்வுரையில் இதைக் குறித்து வைத்திருக்கிறார். மத்திய இந்தியாவில் தோலுடுப்பு அணிந்த ஆட்கள் செடிகளை உரசிக்கொண்டு வயலுக்குள் ஓடுவார்கள்; உடுப்பில் ஒட்டிய பிசினைப் பிறகு சுரண்டி எடுப்பார்கள். நேபாளத்தில் தோலுடுப்புக்கூட இல்லை, கூலியாட்களின் வெற்றுடம்பில்தான் பிசின் ஒட்டியது என்றும் எழுதுகிறார். ஐரோப்பிய மருத்துவத்துக்குள் கஞ்சாவைக் கொண்டு சேர்த்த கட்டுரை அது. வலிப்புக்கும் ரணஜன்னிக்கும் அதைக் கொடுத்துப் பார்த்த குறிப்புகளுக்காகவே அது இன்றும் பேசப்படுகிறது. எனக்கு அதில் மறக்க முடியாதது, முதுகில் பிசின் சுரண்டப்படுவதற்காக நின்ற அந்தப் பெயரில்லாத கூலியாள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இந்தியச் சந்தைக்கு வந்த சரஸில் பெரும்பகுதி யார்க்கண்டிலிருந்து வந்தது. இன்றைய சீனாவின் சிஞ்சியாங். 5,500 மீட்டருக்கும் உயரமான கரகோரம் கணவாயைத் தாண்டி, சுமைக்குதிரைகளில் லே நகருக்கு வந்து, அங்கிருந்து ஹோஷியார்ப்பூர், அமிர்தசரஸ் மண்டிகளுக்கு இறங்கியது. அது கையில் தேய்த்த சரக்கு இல்லை. உலர்ந்த செடியிலிருந்து சலித்து எடுத்த தூள். பிரிட்டிஷ் அரசு அதற்கு வரி வாங்கியது. வரி வாங்கிய காலம் முழுவதும் அது குற்றமாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

உலர்ந்த செடியைச் சலிக்கும் முறைதான் ஆப்கானிஸ்தானுக்கும் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்குக்கும் உரியது. மொறோக்கோவின் ரிஃப் மலைகளுக்கு அது பின்னால் வந்தது. ரிஃப் பகுதியில், கெத்தாமாவைச் சுற்றியுள்ள ஊர்களில், நூற்றாண்டுகளாகக் கீஃப் என்றால் பொடியாக நறுக்கிப் புகையிலையோடு கலந்து, நீண்ட குழாயில் புகைக்கும் பூ. பிசினைத் தனியே பிரிக்கும் தொழில் 1960களிலும் 70களிலும்தான் அங்கே வேரூன்றியது. அதை வாங்கப் போனவர்கள் ஐரோப்பியர்கள். இன்று அது அந்த மலைகளின் பழமையான பண்பாடு என்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லப்படுகிறது. செடி பழமையானது, சல்லடை அப்பா காலத்தது.

ஆனால் அந்த ஒரு தலைமுறைக்குள் ரிஃப் மலைக்காரர்கள் அதில் தேர்ந்துவிட்டார்கள். கோடை முடிவில் அறுத்த செடிகளைக் கட்டுக் கட்டாக வீட்டுக்குள் அடுக்கி, குளிர் இறுகும்வரை காத்திருக்கிறார்கள். குளிரில் பிசின் இறுகி, சுரப்பியின் காம்பு முறியும் தன்மைக்கு வருகிறது. வெப்பத்தில் அதே பிசின் இலையோடு பசையாக ஒட்டிக்கொள்ளும். அகன்ற பாத்திரத்தின் வாயில் மெல்லிய துணியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் செடிகளைப் போட்டு, மேலே பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, இரண்டு கம்புகளால் அடிக்கிறார்கள். பறை அடிப்பதுபோல் ஒலி எழுகிறது. பனிக்காலத்தில் அந்த மலைச்சரிவுகளில் வீட்டுக்கு வீடு அந்தத் தாளம் கேட்கும். முதல் சில நிமிட அடியில் துணிக்குக் கீழே இறங்குவதுதான் முதல்தரம்: மணல்நிறத்தில், கைச்சூட்டிலேயே இளகிச் சேர்ந்துவிடும் தூள். தொடர்ந்து அடித்தால் இரண்டாம்தரம், பிறகு மூன்றாம்தரம். நிறம் பச்சையாகிக்கொண்டே போகும். அப்போது இறங்குவது பெரும்பாலும் இலைத்தூள். நூறு கிலோ உலர்ந்த செடியிலிருந்து எல்லாத் தரமும் சேர்த்து இரண்டு மூன்று கிலோ பிசின் தேறலாம். ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றத்தடுப்பு அலுவலகம் மொறோக்கோ அரசோடு சேர்ந்து 2003இல் எடுத்த கணக்கின்படி, அந்த மலைகளில் 1,34,000 ஹெக்டேரில் கஞ்சா நின்றது. சுமார் 8 இலட்சம் பேர் அதை நம்பி இருந்தார்கள்.

இனி ஆம்ஸ்டர்டாம். மிலா ஜான்சன் என்ற டச்சுப் பெண் 1960களின் இறுதியில் தரைவழியாக இந்தியாவுக்கு வந்து நீண்ட காலம் வாழ்ந்தவர். நான்கு பிள்ளைகளின் தாய். இமயமலையில் கையால் சரஸ் தேய்த்தவர். 1988இல் நெதர்லாந்துக்குத் திரும்பியபின் பிழைப்புக்காகக் கஞ்சா இலைகளைக் கையால் சலிக்கும் வேலையில் இருந்தார். உடுப்பு உலர்த்தும் இயந்திரத்தின் உருளை சுழல்வதைப் பார்த்தபோது அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது: சல்லடையால் ஆன உருளைக்குள் உலர்ந்த இலையைப் போட்டுக் குளிரான இடத்தில் சுழலவிட்டால் என்ன? 1994இல் பொலினேட்டர் என்ற கருவி அப்படித்தான் வந்தது. சில ஆண்டுகளில் அவரே பனிக்கட்டி நீரில் பிரிக்கும் பைகளையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இலைகளைப் பனிக்கட்டியோடு நீரில் கலக்கினால் முறிந்த குமிழ்கள் நீரைவிடக் கனமாக இருப்பதால் கீழே இறங்கும், இலை மேலே நிற்கும். மைக்ரோன் கணக்கில் கண்ணளவு மாறும் பைகள் வழியாக வடித்தால் குமிழ்கள் அளவுவாரியாகத் தங்கும். ரிஃபில் குளிர்காலம் செய்ததைக் குளிர்பெட்டி செய்தது. கம்பு செய்ததை மின்மோட்டார் செய்தது. இதைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று மட்டும் எழுதினால் ஒன்று விடுபடும். மிலா ஜான்சனின் கண்ணுக்கு அந்த உருளை ஹஷீஷ் இயந்திரமாகத் தெரிந்ததற்குக் காரணம், இமயமலைக்காரர்கள் அவருடைய கைக்குக் கற்றுக்கொடுத்திருந்த வேலை.

எங்கள் பகுதியில் வளவில் செடி வைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். அறுபதைத் தாண்டியவர், தொழிற்சாலை வேலையில் முழங்கால் தேய்ந்தவர். அவருடைய வாகனக் கொட்டகையில் கத்தரித்த இலைக் குவியலைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

“அண்ணை, இந்த இலையளை எறியப் போறியளோ?”

“எறியிறதோ? தம்பி, சரக்கு இதிலைதான் கிடக்கு. பூ விருந்தாளிக்கு. இது எனக்கு.”

இலைகளைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார். மரச்சட்டத்தில் இறுக்கிய கம்பிவலை ஒன்று; அதன் கீழே கண்ணாடி. கதவைத் திறந்து வைத்து, வெளிக்குளிர் உள்ளே வரட்டும் என்று விட்டிருந்தார். சட்டத்தைத் தூக்கி உலுக்கவில்லை. இலைகளை வலைமேல் பரப்பி, ஓர் அட்டையால் இப்படியும் அப்படியும் மெல்ல நகர்த்தினார். ஊரில் அம்மம்மா மாவறுத்து அரிதட்டில் அரிக்கும்போது இருந்த அதே கை அசைவு: மணிக்கட்டு மட்டும் வேலை செய்யும், தோள் ஓய்ந்திருக்கும். கண்ணாடியில் மங்கலான ஒரு படலம் விழுந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வெளிர் பொன்நிறம்.

“இன்னும் அரிச்சால் இன்னும் விழுமல்லோ?”

“விழும். ஆனால் இனி விழுகிறது இலை. பச்சை தெரிஞ்சால் நிப்பாட்டிப்போட வேணும்.”

நிப்பாட்டினார். அரித்த இலை இன்னும் மணத்தோடு குவியலாகக் கிடந்தது. அதை அவர் எண்ணெயில் காய்ச்சி முழங்காலுக்குப் பூசுவதாகச் சொன்னார். பூச்சில் எவ்வளவு பலன் என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. கையைப் பற்றிச் சொல்ல முடியும்: ரிஃபில் முதல் அடியில் இறங்கியதைத் தனியே ஒதுக்குகிறவருக்கும், மலானாவில் அவசரப்படாமல் தேய்க்கிறவருக்கும் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருந்தது.

தூள் கட்டியாவதும் கவனித்துப் பார்க்க வேண்டிய மாற்றம். பச்சைச் செடியிலும் குமிழிலும் இருப்பது அமில வடிவம். அது போதை தருவதில்லை. சூடு பட்டுக் கரியமிலவாயு பிரிந்த பிறகுதான் அது டெட்ராஹைட்ரோகன்னபினோல் ஆகிறது. புகைக்கும் நெருப்பில் அது நொடியில் நடக்கிறது. வெதுவெதுப்பில் அழுத்தும்போது சிறுகச் சிறுக. உருட்டப்பட்ட தூளின் குமிழ்கள் உடைந்து எண்ணெய் வெளியேறி, பொன்நிறம் பழுப்பாகி, வெளிப்புறம் கறுக்கிறது. காற்றும் வெளிச்சமும் காலமும் பட்டால் வீரியம் குறைந்து கன்னபினோலாக மாறும். விஞ்ஞானிகளுக்கு முதலில் அகப்பட்டதும் இந்தப் பழசான பொருள்தான்: 1896இல் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் மூவரும் இந்தியச் சரஸை ஆராய்ந்து எழுதினார்கள். போதை தரும் மூலத்தைத் தூய்மையாகப் பிரித்து அமைப்பைச் சொல்ல 1964 வரை ஆனது. இஸ்ரேலில் ரஃபேல் மெக்குலமும் யெகியேல் காவோனியும் அதைச் செய்தார்கள். பொலிஸ் கைப்பற்றி வைத்திருந்த 5 கிலோ லெபனான் ஹஷீஷை வாங்கி, பேருந்தில் தன் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்ததை மெக்குலம் பிற்காலத்தில் விரும்பிச் சொல்வார். பெக்கா பள்ளத்தாக்கில் யாரோ சலித்தது அந்தக் கண்டுபிடிப்பின் மூலப்பொருள். மூளையிலேயே சுரக்கும் ஆனந்தமைடு 1992இல் கண்டுபிடிக்கப்பட்டதும், வலி, பசி, நினைவு பற்றிய இன்றைய ஆய்வுகளும் அங்கிருந்து கிளைத்தவை.

சட்டம் இந்தச் சல்லடையை எப்படிப் பார்க்கிறது? 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் உடன்படிக்கை, பிசின் நீக்கப்படாத பூங்கொத்தைக் கஞ்சா என்றும், பிரித்தெடுத்த பிசினைக் கஞ்சாப் பிசின் என்றும் தனித்தனியே வரையறுத்தது. தனியே நிற்கும் இலையையும் விதையையும் விட்டுவிட்டது. அந்த இடைவெளியில்தான் இலையிலிருந்து செய்யும் இந்தியாவின் பாங் தப்பியது. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உரிமம் பெற்ற பாங் கடைகள் இன்றும் உண்டு. 1985இல் வந்த இந்தியச் சட்டமும் அதே வழியில் போகிறது. அதன் கணக்குப்படி ஒரு கிலோ கஞ்சாப் பூ சிறிய அளவு. சரஸ் என்றால் 100 கிராம். பூவுக்கு 20 கிலோவில் தொடங்கும் வணிக அளவு, சரஸுக்கு ஒரு கிலோவிலேயே தொடங்கிவிடுகிறது. அந்தக் கோட்டைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு, கூடியது 20 ஆண்டு. பிணை கிடைப்பதும் மிகக் கடினம்.

கனடாவும் எடை மாற்றிப் பார்க்கிறது. பொது இடத்தில் ஒருவர் 30 கிராம் உலர்ந்த பூ வைத்திருக்கலாம். செறிவான பொருள் என்றால் 7.5 கிராம். பத்துக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று என்று இந்தியா போட்ட கணக்கு இங்கே நான்குக்கு ஒன்று. வீட்டில் எதைச் செய்யலாம் என்பதிலும் கனடாச் சட்டம் தெளிவாக இருக்கிறது: சலிக்கலாம், பனிநீரில் கலக்கலாம், அழுத்தலாம்; பியூட்டேன், புரொப்பேன் போன்ற கரிமக் கரைப்பான்களைத் தொடக்கூடாது. அது நியாயமான கோடு. எரிவாயுவால் பிசின் எடுக்கப்போய் வீடுகள் வெடித்திருக்கின்றன, ஆட்கள் கருகியிருக்கிறார்கள். சல்லடையால் யாரும் வீட்டைக் கொளுத்தியதில்லை.

செறிவைப் பற்றிச் சட்டம் கொள்ளும் அச்சத்தை நான் முற்றாகத் தள்ளவில்லை. பூவைவிடப் பிசினில் வீரியம் பல மடங்கு. பதின்வயதில் அடிக்கடி, அதிலும் வீரியமானதை, எடுத்துக்கொள்கிறவர்களிடம் மனநோய் வரும் சாத்தியம் கூடுதலாகக் காணப்படுகிறது; குடும்பத்தில் அந்த நோய் இருப்பவர்கள் அதன் அருகே போகாமல் இருப்பதே நல்லது. எங்கள் சமூகத்தில் பிள்ளைகளின் மனநோயை மூடி மறைக்கும் வீடுகள் நிறைய. அதனால் இதைப் பேசாமல் தாண்டிப்போக எனக்கு மனமில்லை. ஒன்ராறியோவில் 19 வயது நிரம்ப வேண்டும் என்ற எல்லை காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. கொட்டகையில் காய்கிற கிளையும் போத்தலும் பூட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஆனால் இந்த அச்சம் ஒரு பிள்ளையை முன்னிட்டு வந்ததென்றால், மலானாவின் பிள்ளைக்கும் அது பொருந்த வேண்டும். அவனுக்கு நடப்பது வேறு. செப்டெம்பர் வந்தால் பொலிஸ்காரர்கள் அந்த மலைகளில் ஏறிச் செடிகளைப் பிடுங்கி எரிக்கிறார்கள். அடுத்த ஆண்டு இன்னும் உயரமான சரிவில் விதை விழுகிறது. வாங்கிக் கைமாற்றுகிறவர் கோவாவிலோ டெல்லியிலோ இருக்கிறார். பிடிபடுகிறவர் மலைப்பாதையில் பொதி சுமப்பவர். ரிஃப் மலையிலும் அப்படித்தான். பிடியாணைக்குப் பயந்து, அடையாள அட்டை புதுப்பிக்கக்கூட நகரத்துக்கு இறங்காமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த உழவர்கள் அங்கே இருந்தார்கள்.

இதே காலத்தில் ரொறன்ரோக் கடைத் தட்டுகளில் ஹஷீஷ் சட்டப்படி விற்பனையாகிறது. செறிவான பொருட்களுக்கான விதிகள் 2019 ஒக்டோபர் 17 முதல் நடைமுறையில் உள்ளன. பொதிகளில் ஆப்கான், மொறோக்கோ, லெபனான், நேபாளம் என்ற ஊர்ப்பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. உள்ளே இருப்பது கனடாவில் வளர்ந்து, இங்கேயே பிரிக்கப்பட்ட பிசின். அந்த ஊர்களிலிருந்து ஒரு கிராம்கூட இந்தத் தட்டுக்கு வர முடியாது. மருத்துவத்துக்கும் ஆய்வுக்கும் தவிர வேறு எதற்கும் இறக்குமதி அனுமதி இல்லை. இங்கே வளரும் அந்தச் செடிகளின் பரம்பரையிலும் இந்துகுஷ் மலை விதைகள் கலந்திருக்கின்றன. ஊரின் பெயர் விலைபோகிறது, ஊரின் விதை விலைபோகிறது, ஊரின் கைமுறை விலைபோகிறது. ஊர்க்காரருக்கு மட்டும் அந்தச் சந்தையில் இடமில்லை. இது எனக்குத் திருட்டாகவே படுகிறது. தேயிலைக்கோ பாலாடைக்கட்டிக்கோ ஊர்ப்பெயரை இப்படி எடுத்தாண்டால் நீதிமன்றம்வரை போயிருப்பார்கள்.

மாற்றம் இல்லாமல் இல்லை. மொறோக்கோ 2021இல் 13-21 என்ற சட்டத்தால் மருத்துவத்துக்கும் தொழிலுக்குமான சாகுபடியை அல் ஹொசைமா, ஷெஃப்ஷவுன், தவுனாத் ஆகிய மூன்று மாகாணங்களில் அனுமதித்தது. மற்ற ஊர்ப் பெருநிலக்காரர்கள் உள்ளே புகாமல், காலங்காலமாகப் பயிரிட்ட மலைக்காரர்களுக்கே அந்த உரிமை என்று எல்லை போட்டதை நான் மெச்சுகிறேன். 2024 ஓகஸ்டில் மன்னர் ஆறாம் முகம்மது, கஞ்சாச் சாகுபடி வழக்குகளில் தண்டனை பெற்றவர்களும் தேடப்பட்டவர்களுமாக 4,800க்கும் மேற்பட்டோருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். லெபனான் 2020இல் மருத்துவச் சாகுபடிக்குச் சட்டம் இயற்றியது. 2020 டிசம்பரில், மிகக் கொடிய பொருட்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவையும் அதன் பிசினையும் நீக்க ஐ.நா. ஆணையத்தில் 27க்கு 25 என்ற கணக்கில் வாக்களிக்கப்பட்டபோது, இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. இமாச்சலச் சட்டமன்றத்திலும் மருந்துக்கும் தொழிலுக்குமான சாகுபடி பற்றிப் பேச்சு நடந்திருக்கிறது. ஆனால் இந்த அனுமதிகளில் பெரும்பாலானவை போதை குறைந்த நார்ச்செடியையோ மருந்துக் கம்பனிக்குப் போகும் பூவையோ பற்றியவை. கையால் தேய்த்த சரஸுக்கும் துணியில் அடித்த ஹஷீஷுக்கும் இவற்றில் இடம் தரப்படவில்லை. செடிக்கு மன்னிப்புக் கிடைத்தாலும் கைவேலை இன்னும் தலைமறைவாகத்தான் இருக்கிறது.

ஒரு நூற்றாண்டுக்கும் முன் இதைவிட நிதானமாக யோசித்தவர்கள் இருந்தார்கள். 1893-94இல் மாக்வொர்த் யங் தலைமையில் ஏழு பேர் கொண்ட இந்தியக் கஞ்சா ஆணைக்குழு, ஊர் ஊராகப் போய் ஏறத்தாழ 1,200 சாட்சிகளைக் கேட்டது. அந்த ஏழு பேரில் மூவர் இந்தியர். அளவான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை, மிகையான பயன்பாடு தீங்கு, முழுத்தடை வேண்டியதில்லை, வரியாலும் உரிமத்தாலும் கட்டுப்படுத்தலாம் என்பது அதன் முடிவு. அரசு வருமானத்தின்மேல் இருந்த கண்ணும் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது. அதைத் தெரிந்துகொண்டே சொல்கிறேன், பின்னால் வந்த சட்டங்களைவிட அது மனிதர்களின் பேச்சை அதிகம் கேட்டது.

ஒன்ராறியோவில் நான்கு செடி வைத்து, இலையை அரித்து, கையில் உருட்டிப் பார்க்கிற தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு வீதிப் பள்ளத்துக்காக எழுதுகிறீர்கள், ஊர்ப் பிரச்சினைக்காக எழுதுகிறீர்கள். இதற்காகவும் ஒரு கடிதம் எழுதுங்கள். மலானாவிலும் கெத்தாமாவிலும் பெக்காவிலும் சிறு உழவர் செய்யும் ஹஷீஷைத் தரம் பார்த்து, வரி வைத்து, ஊர்ப்பெயரோடு இறக்குமதி செய்ய வழி கேளுங்கள். அது வரும்வரை, அந்த ஊர்ப்பெயரை அச்சிட்ட பொதியை வாங்காதீர்கள்.